பத்தொன்பது நாள் ஊழியர்

வளைகுடா நாடு ஒன்றில், முவைலாவில் இருக்கும் என் டைப்பிங் சென்டருக்கு பயோடேட்டா அடிக்க வருகிறவர்கள் எல்லோரும் தங்களைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளத்தான் வருவார்கள். சின்னதாக்கிக்கொள்ள வந்தவர் அவர் ஒருவர்தான்.

வேறு எங்கோ அடித்த பயோடேட்டா ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதில் பாதி வரிகளைப் பேனாவால் அடித்திருந்தார்.

"இதுல 'குழுவை வழிநடத்தியவர்'னு இருக்கு. எடுத்துடுங்க. குழுன்னு யாரும் கிடையாது. அந்த அறையில நானும் ஒரு ஏசியும்தான் இருந்தோம்."

எடுத்தேன்.

"'அரபி சரளமாகப் பேசுவார்.' எடுத்துடுங்க. யல்லா, கலாஸ் ரெண்டும்தான் தெரியும்."

அதையும் எடுத்தேன். ஒன்றரைப் பக்கம் இருந்தது முக்கால் பக்கமாக இளைத்துவிட்டது. கடைசியில், முந்தைய வேலையை விட்ட காரணம் என்ற இடத்துக்கு வந்தோம். அவர் கேட்காமலே 'மேலும் நல்ல வாய்ப்பைத் தேடி' என்று அடித்திருந்தேன். அந்த இடத்தில் எனக்கு விரல் தானாக ஓடும்.

"அப்படி இல்லீங்களே. சோதிச்சுப் பார்க்காத மீட்டருக்கு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாங்க. மாட்டேன்னு சொன்னேன். அனுப்பிட்டாங்க. அதையே போடுங்க."

"இதைப் படிச்சா ஒருத்தனும் உங்களைக் கூப்பிட மாட்டான்."

"கூப்பிடறவங்க தெரிஞ்சு கூப்பிடுவாங்கல்ல?"

அன்று பூராவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. பொய்யன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. நானும் என்னை அலங்காரம் பண்ணுகிறவனாகத்தான் நினைத்திருந்தேன். கல்யாணப் பெண்ணுக்குப் பூ வைத்தால் அது பொய்யா? ஹெல்பரை அசிஸ்டென்ட் டெக்னீஷியன் ஆக்குவேன். ஆறு மாதத்தை இரண்டு வருஷமாக்குவேன். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து, மூலையில் போட்ட ஒற்றைக் கம்ப்யூட்டரில் தொடங்கி, ஒரு பெயர்ப்பலகையும் மூன்று நாற்காலியும் சம்பாதித்தது இந்தக் கைத்திறமையால்தான். இவர் என்னவோ என் கடையில் உட்கார்ந்துகொண்டு பூவையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுகிறார்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். வேலை, காலிபிரேஷன். பிரஷர் மீட்டர், தெர்மாமீட்டர், தராசு இவையெல்லாம் காட்டுகிற எண் சரிதானா என்று சோதித்து, சரியாக இருந்தால் தேதி போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். அந்த ஸ்டிக்கரை நம்பித்தான் பாய்லரை மூட்டுகிறார்கள், மருந்தைக் காய்ச்சுகிறார்கள். அப்பா திருநெல்வேலிக்காரர், ரயில்வேயில் இட்டார்சிக்கு மாற்றலாகிப் போனவர். அங்கேயே பிறந்து வளர்ந்ததால் இவருடைய தமிழில் இந்தி வாசனை அடிக்கும். இட்டார்சியில்தான் குவேக்கர் என்ற சங்கதியும் அவரிடம் ஒட்டிக்கொண்டது.

"குவேக்கர்னா? ஓட்ஸ் டப்பாவுல தொப்பி போட்டுக்கிட்டு ஒரு பெரியவர் இருப்பாரே, அவரா?" என்று கேட்டேன்.

எத்தனை பேர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்களோ, சிரித்தார். "அது வெறும் படம். எங்களுக்கும் ஓட்ஸுக்கும் சம்பந்தம் கிடையாது. நாங்க கிறிஸ்தவங்கள்ல ஒரு சின்னக் கூட்டம். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. ஒண்ணா உட்கார்ந்திருப்போம்."

"உட்கார்ந்து?"

"அமைதியா இருப்போம். யாருக்காவது ஏதாவது சொல்லணும்னு உள்ளேருந்து தோணினா எழுந்து சொல்வாங்க."

"யாருக்கும் தோணலேன்னா?"

"ஒரு மணி நேரம் கழிச்சு கை குலுக்கிட்டு டீ குடிப்போம்."

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது என் மனைவி, "நீங்களும் போய்ச் சேர்ந்துக்குங்க மச்சான். ஒரு மணி நேரம் எனக்காவது நிம்மதியா இருக்கும்" என்றாள்.

இங்கே அவருக்குக் கூட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் தன் கட்டிலில் தனியாக உட்கார்ந்திருப்பார். ரூமில் உடன் இருந்த ஐந்து பேரும் அந்த ஒரு மணி நேரம் டிவியைக் குறைத்து வைப்பார்களாம். அவர் கேட்டதில்லை, அவர்களாகவே செய்தது.

எல்லோரிடமும் 'நீங்க' என்றுதான் பேசுவார். அரபியிடம் மட்டுமில்லை, கட்டிடத்து வாட்ச்மேன், கழிவறை கழுவ வருகிற வங்காளி, கஃபட்டேரியாவில் டீ ஆற்றுகிறவர் எல்லோருமே 'நீங்க'தான். இந்தியில் பேசினாலும் 'ஆப்'தான். ஆனால் யாரையும் 'சார்' என்று சொல்ல வராது. ஒரு கம்பெனி மேனேஜரை நேர்முகத்தில் பெயர் சொல்லி அழைத்துவிட்டு வந்து, "அவருக்கு என்னமோ பிடிக்கலபோல" என்றார். முவைலா முழுக்க எனக்கு 'பாய்' என்றுதான் பெயர். இவர் மட்டும் "சாகுல், நீங்க…" என்று ஆரம்பிப்பார். ஊரில் என் அம்மா மட்டும் கூப்பிட்ட பெயர். அதைக் கேட்டால் ஏதோ தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டவன்போல் நிமிர்ந்து உட்காருவேன்.

சத்தியம் பண்ண மாட்டார். ஒரு விண்ணப்பத்தில் 'சத்தியமாக' என்ற சொல்லை அடித்துவிட்டு 'உறுதியாக' என்று எழுதச் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"சத்தியம் பண்ணினா, பண்ணாத நேரத்துல பொய் சொல்லலாம்னு ஆயிடுதுல்ல?"

நான் ஒரு நாளைக்கு நாற்பது முறை 'வல்லாஹி' என்று அல்லா மேல் ஆணை போடுகிறவன். சில்லறை இல்லை என்பதற்கே மூன்று முறை போடுவேன்.

அப்படியென்றால் அவருக்கு எப்படித்தான் வேலை கிடைக்கும்? கிடைக்கும். தங்காது. கைத்திறமை அப்படி. இரண்டாவதாக ஒரு லேபில் சேர்ந்தார். நல்ல சம்பளம், தனி ரூம். மூன்றாம் மாதம் மேஜைக்கு வந்த மீட்டர்களை ஏதோ ஒரு நாட்டுப் பட்டாளத்தின் பீரங்கிக்குப் பொருத்தப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். சண்டை எதுவும் போடவில்லை. "இது என்னால முடியாதுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"மீட்டர் யாரையாவது சுடுமா?" என்று கத்தினேன். அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவன் நான்.

"சரியா சுடறதுக்குத்தானே அந்த மீட்டர்?" என்றார்.

மூன்றாவது வேலையின் நேர்முகத்துக்கு நானே பயிற்சி கொடுத்தேன். கடைக்குள் நாற்காலியை எதிரெதிரே போட்டு, நான் மேனேஜராக நடித்தேன். "டெலிவரி அவசரம். சோதிக்க நேரமில்லை. என்ன செய்வீங்க?" என்று கேட்டு, "குழுவோடு சேர்ந்து தீர்வு காண்பேன்" என்ற பதிலையும் சொல்லிக் கொடுத்தேன். நேர்முகத்தில் அச்சாக அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"லேட்டாக் கொடுப்பேன்னு சொன்னேன்."

இட்டார்சியில் அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். "வீட்ல என்ன சொல்றாங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"'அடுத்ததாவது ஆறு மாசம் தாங்குமா?'ன்னு கேட்டாங்க. தெரியலன்னு சொன்னேன்." அப்போது மட்டும் அவர் முகம் சுருங்கியது. கொள்கை உள்ளவர்களுக்குக் கவலை இருக்காது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இன்னொரு நாள், அவர் என்னை உள்ளுக்குள் எடை போடுகிறாரோ என்ற குடைச்சல் தாங்காமல், "என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க? மறைக்காம சொல்லுங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன்."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, "யோசிச்சேன் சாகுல். நீங்க ரொம்ப வேகமா டைப் பண்றீங்க" என்றார். அவ்வளவுதான் தேறியிருக்கிறது.

விசா கேன்சலாகி, நாட்டில் தங்கியிருக்கலாம் என்று கொடுத்த நாட்களும் கரைந்துகொண்டிருந்தபோது, நானே அவரை வேலைக்கு எடுத்தேன். நல்ல மனசு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், ஒரு மேன்பவர் ஏஜென்சி கட்டுக்கட்டாக பயோடேட்டா வேலை கொடுக்க ஆரம்பித்திருந்தது, எனக்கு ஆள் தேவைப்பட்டது. மனைவிதான் முதலில் சொன்னாள்: "அந்த மனுஷரை ஊருக்கு அனுப்பிடாதீங்க மச்சான். கடையில ஒருத்தராவது நேர்மையா இருக்கட்டும்."

வேலை பெர்மிட் வருகிறவரை கீபோர்டைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். எட்டு நாள் வாடிக்கையாளர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் நெரியும், நான் இரண்டு கையாலும் பறப்பேன், அவர் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

பெர்மிட் வந்ததும் அசுர வேலை செய்தார். என்ன, உண்மையை மட்டும் அடித்தார். அரியலூர்க் கொத்தனார் ஒருவர், "சூப்பர்வைசர், அஞ்சு வருஷம்னு போடுங்க" என்றார். நானாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் சூப்பர்வைசராக வெளியே போயிருப்பார். இவர் அவரை உட்கார வைத்து, "நீங்க என்னென்ன கட்டியிருக்கீங்க? மட்டம் யாரு பார்த்தாங்க? மாடிப்படி உங்களுக்கு வருமா?" என்று ஒரு மணி நேரம் கேட்டு, எல்லாவற்றையும் எழுதினார். கொத்தனார் கடைசியில், "இவ்வளவும் நான்தானா செஞ்சேன்?" என்று கேட்டுவிட்டுக் காகிதத்தை மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் காத்திருந்த நான்கு பேர் அதற்குள் அடுத்த தெரு டைப்பிங் சென்டருக்குப் போய்விட்டார்கள். ஏஜென்சி வேலையை அவரிடம் காட்டாமல் நானே செய்துகொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் செல்வம் என்று ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய சித்தப்பா மகன் முருகேசன் ருவைஸில் சுத்திகரிப்பு ஆலைப் பராமரிப்பு வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார், தொடை எலும்பு முறிந்துவிட்டது. சாரம் கட்டுவதில் இரண்டு வருஷ அனுபவம் என்று பயோடேட்டாவில் பொய் சொல்லிச் சேர்ந்தவர், அதனால் நஷ்டஈடு கிடையாது, குணமானதும் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம்.

"அவன் பெயிண்டருக்குக் கையாளுங்க. சாரம் கட்டத் தெரியும்னு அவன் எங்க சொன்னான்? அந்த பயோடேட்டா இங்கதான் அடிச்சதுன்னான் பாய்."

எனக்கு முருகேசனை நன்றாக ஞாபகம் இருந்தது. இவர் கடையில் சேருவதற்கு முன் ஏஜென்சி அனுப்பிய ஆறு பேரில் ஒருவர். "உசரம்னா எனக்கு ஆவாது பாய். கீழ நின்னு எடுத்துக் குடுக்கிற வேலையாப் போடுங்க" என்று, உள்ளே உட்கார்ந்திருந்தபோது ஒருமுறை, போகும்போது கதவருகே திரும்பி நின்று ஒருமுறை, இரண்டு தடவை சொன்னார். ஏஜென்சிக்காரன் அன்று காலையே என் போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தான்: "ஆறு பேரும் சாரம் கட்டறவங்க, ரெண்டு வருஷம், ஜல்தி." நான் முருகேசனிடம் "சரி சரி" என்றேன். சாரம் கட்டறவர், இரண்டு வருஷம் என்று இங்கிலீஷில் அடித்தேன். கூடவே என் கைச்சரக்காக, 'உயரத்தில் அஞ்சாமல் பணிபுரிபவர்' என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை யாரும் கேட்கக்கூட இல்லை. அழகாக இருந்தது, போட்டேன்.

செல்வத்திடம், "எத்தனையோ பேர் வர்றாங்க தம்பி, ஞாபகம் இல்லை. வல்லாஹி" என்றேன்.

செல்வம் போன பிறகு கடையில் நாங்கள் இருவர்தான். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் பிரிண்டரில் இல்லாத காகிதச் சிக்கலை எடுத்தேன், மேஜையைத் துடைத்தேன், துடைத்த மேஜையை மறுபடியும் துடைத்தேன். கடைசியில், "உலகத்துல எல்லாரும் பண்றதுதானே?" என்று நானாகவே கத்தினேன்.

"முருகேசன் உங்ககிட்ட என்ன சொன்னார் சாகுல்?"

சொன்னேன். இரண்டு தடவை சொன்னதையும் சொன்னேன்.

அவர் எழுந்து தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். "நான் நாளைலேருந்து வரலீங்க. விசாவைக் கேன்சல் பண்ணிடுங்க."

"போலீஸ்ல சொல்லப் போறீங்களா?"

"நான் பார்க்கல, கேட்கல. எனக்குத் தெரிஞ்சது நீங்க சொன்னதுதான். சொல்ல வேண்டியவர் நீங்கதான்." கதவைத் திறந்தவர் நின்றார். "எனக்கு வேலை கொடுத்தீங்க. அதை மறக்க மாட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. நானும் பதிலுக்குத் திட்டி, அவருக்கு நான் செய்ததையெல்லாம் சொல்லிக் காட்டி, கெட்டவன் அவர்தான் என்று முடிவு பண்ணிவிட்டு மத்தியானம் பிரியாணி தின்றிருப்பேன். அந்த வசதியை அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

நான் உடனே ருவைஸுக்குக் கிளம்பிவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். மூன்று நாள் கிளம்பவில்லை. முதல் நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அந்தக் குரல் பதிவை அழிக்கப் போனேன். அழித்தால் அழித்தது எனக்குத் தெரியுமே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மனைவி என் செருப்பை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, "ருவைஸ் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

செல்வத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் ஆஸ்பத்திரி. முருகேசன் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க பாய், இவ்வளவு தூரம் எதுக்கு" என்று எழப் பார்த்தார். நான் நின்றபடியே சொன்னேன். உயரத்தில் அஞ்சாதவர் என்ற வரியையும் சொன்னேன். அவர் மறுபடியும் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுன்னுதானே பாய்?" என்றார்.

 

கம்பெனி அலுவலகத்தில் ஒரு மலையாளப் பெண்மணி இருந்தார். குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். அம்மா மேல், பிள்ளைகள் மேல், மக்கா மேல் சத்தியம் பண்ணி நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பேனாவைத் தட்டி, "சத்தியமெல்லாம் வேண்டாம். தேதியைச் சொல்லுங்க" என்றார். இரண்டு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் இழுத்தது. ஆளுக்குத் தெரியாமல் ஏஜென்சி எழுதச் சொன்ன பொய் என்று முடிவாகி, முருகேசனுக்கு நஷ்டஈடு கிடைத்தது. கொஞ்சம் சாய்ந்து நடந்தபடி ஊருக்குப் போனார். ஏஜென்சி என்னைக் கைகழுவியது. என்னையும் அதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். அபராதமும் எச்சரிக்கையும் கொடுத்துக் கடையை மட்டும் விட்டுவைத்தார்கள். மூன்று நாற்காலியில் இரண்டை விற்றேன். திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். வருஷக் கணக்கில் இப்போது கை வைப்பதில்லை. ஆனால் வாயே திறக்காதவருக்கும் 'தகவல் தொடர்பில் சிறந்தவர்' என்று இன்னமும் அடிக்கிறேன். விரல் கேட்பதில்லை.

அவர் இதற்கெல்லாம் முன்பே இட்டார்சிக்கு விமானம் ஏறியிருந்தார். வழியனுப்பப் போகவில்லை. வெட்கம்.

அடுத்த வருஷம் ஒரு காலை பஹ்ரைனிலிருந்து போன் வந்தது. கடையில் ஆட்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் அதிகாரி, இந்தியில் பேசினார். இட்டார்சிக்காரர் பெயரைச் சொல்லி, "உங்களிடம் வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறார். எவ்வளவு காலம்?"

'மூணு வருஷம், தங்கமான மனுஷன்' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. அவருக்கு உதவ எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"பத்தொன்பது நாள்" என்றேன்.

"அப்படித்தான் எழுதியிருக்கிறார். நம்ப முடியாமல்தான் கேட்டேன். பத்தொன்பது நாளையெல்லாம் யார் எழுதுவார்கள்? ஏன் போனார்?"

"அவர் என்ன எழுதியிருக்கார்?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "'காரணத்தை உரிமையாளரிடம் கேட்கவும்' என்று எழுதியிருக்கிறார்."

என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. எனக்காகப் பொய் எழுதவும் வரவில்லை. காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். நான் பொய் எழுதினேன், ஒருவர் கால் ஒடிந்தது, அது தெரிந்ததும் இவர் போய்விட்டார்.

அதிகாரி, "பொய் எழுதுகிறவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் உங்கள் பேச்சை நான் எப்படி நம்புவது?"

"நம்பாதீங்க பாய். அவர்கிட்ட ஒரு மீட்டரைக் கொடுத்துப் பாருங்க" என்றேன்.

ஒரு மாதம் கழித்து பஹ்ரைனிலிருந்து இட்டார்சிக்காரரே செய்தி அனுப்பினார். ஈசா டவுனில் ரூம் எடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிகளில் கருவிகளைச் சோதிக்கும் வேலை. முதல் நாள் வந்தது, பிறந்த குழந்தைகளை நிறுத்துகிற தராசு. அது நாற்பது கிராம் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்ததாம், சரி பண்ணிவிட்டாராம். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'சாகுல், போனில் நீங்கள் சொன்னதை அவர்கள் என்னிடம் சொன்னார்கள். உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். நன்றி.'

அப்போதும் கடையில் ஆள் இருந்தது. டோனர் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு பிரிண்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். முந்தின நாள்தான் மாற்றியிருந்தேன்.